கொடி அழும் காலம்

(ஊவாவின் பழக்கொடிகளையும் அவற்றின் சாற்றையும் பற்றிப் பண்டாரவளையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேசையில் மூன்று பொருள்கள் இருக்கின்றன. பாதியாக வெட்டிய ஒரு சௌ சௌ காய். இலையும் காம்புமாக ஒரு முழம் கொடித்தோடைக் கொடி. பென்சில் தடிப்பில் ஒரு தேயிலை வேர், அதன் பக்கத்தில் ஒரு அயடின் போத்தல். மூன்றும் பண்டாரவளை டவுனைச் சுற்றி நடக்கும் தூரத்துக்குள் கிடைப்பவை. தேயிலை கொடியே இல்லையே, பழக்கொடிகளைப் பற்றிய பேச்சில் அதற்கு என்ன வேலை என்று முன்வரிசையில் இருப்பவர்கள் யோசிக்கலாம். கொஞ்சம் பொறுத்தால் அதுவாகவே பேச்சின் நடுவில் வந்து உட்காரும்.

முதலில் சௌ சௌ. இதைத் தோல் சீவிய கை, அந்தச் சாறு காய்ந்ததும் பசை பூசினாற்போல் இறுகி மரத்துப்போவது இங்குள்ள தாய்மாருக்குத் தெரியும். அதனால்தான் தண்ணீருக்குள் வைத்துச் சீவுகிறார்கள், அல்லது கையில் எண்ணெய் தடவிக்கொள்கிறார்கள். வெள்ளரிக்காயின் நுனியை அரிந்து, அரிந்த துண்டாலேயே தேய்த்து நுரை எடுக்கும் பழக்கமும் பல வீடுகளில் உண்டு. தேய்ப்பதால் கசப்புப் போகிறதா என்பது வேறு விவகாரம். நுரை மட்டும் உண்மை. பூசணிக் குடும்பத்துக் கொடிகளை எங்கே வெட்டினாலும் இப்படிச் சாறு பொங்கும். அதில் புரதம் அதிகம். காற்றுப் பட்ட சில நொடிகளில் அது கூழாக இறுகிக் காயத்தை அடைத்துவிடும்.

அடுத்தது கொடித்தோடை. இலைத் தகடு காம்போடு சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, காம்பின் இரண்டு பக்கத்திலும் கடுகளவில் ஒவ்வொரு புடைப்பு இருக்கிறது. இளம் இலையாக இருந்தால் அந்தப் புடைப்பின் மேல் ஒரு துளி ஈரம் மினுங்கும். நாக்கில் வைத்தால் இனிக்கும். எறும்புகள் இதைத் தேடித்தான் கொடியில் ஏறி இறங்குகின்றன. வந்த எறும்பு சும்மா போகாமல் இலை தின்னும் புழுக்களையும் விரட்டுகிறது. கொடி தன் சாற்றிலிருந்து கொஞ்சம் சீனியை எடுத்துக் கொடுத்துக் காவல்காரரை வைத்திருக்கிறது என்று சொல்லலாம்.

இந்த இரண்டு சாறும் உரியக் குழாய்களில் ஓடுவது. செடிக்குள் இரண்டு வகைக் குழாய்கள் இருப்பதைப் பாடசாலைப் பிள்ளைகள் படித்திருப்பார்கள். இலங்கைப் பாடநூல்கள் காழ், உரியம் என்று நல்ல தமிழில் சொல்கின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் சைலம், புளோயம். காழ் என்பது பீலித் தண்ணீர் போன்றது: வேரிலிருந்து நீரையும் உப்பையும் மேலே கொண்டுபோகிறது. உரியம் என்பது அரிசி லொறி போன்றது: இலையில் சமைத்த சீனியை எங்கே பசியோ அங்கே கொண்டுபோய் இறக்குகிறது. ஒரு மாதம் அந்த லொறி வேரை நோக்கி இறங்கும், இன்னொரு மாதம் பழத்தை நோக்கி ஏறும். பழக்கொடியின் பருவம் என்று சொல்வதெல்லாம் கடைசியில் இந்தப் போக்குவரத்து எப்போது, எந்தப் பக்கம், எவ்வளவு என்ற கேள்விதான்.

இந்தக் கேள்வியை முதன்முதலில் அளந்து பார்த்தவர் விஞ்ஞானக் கூடத்தில் இருந்தவர் அல்லர். இலண்டனுக்குப் பக்கத்தில் தேம்ஸ் நதிக்கரையில் டெடிங்டன் என்ற ஊரில் கோவில் பாதிரியாராக இருந்த ஸ்டீபன் ஹேல்ஸ் என்பவர். அவருடைய தோட்டத்தில் ஒரு பழைய திராட்சைக் கொடியைக் காலம் தப்பி வெட்டிவிட்டார்கள். வெட்டுவாயில் நீர் வடிந்துகொண்டே இருந்தது. கொடி செத்துப்போகுமோ என்று பயந்த பாதிரியார் என்னென்னவோ செய்து பார்த்தார், வடிதல் நிற்கவில்லை. கடைசியில் வெட்டுவாயின் மேல் ஒரு மிருகத்தின் சவ்வுப்பையை இறுக்கிக் கட்டினார். உள்ளேயிருந்து வந்த நீர் அந்தப் பையைப் பந்துபோல ஊதவைத்துவிட்டது. இன்னொருவராக இருந்தால் பையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தலையில் கை வைத்திருப்பார். ஹேல்ஸோ, இந்தத் தள்ளுக்கு ஒரு கண்ணாடிக் குழாயை வைத்தால் நீர் எத்தனை அடி ஏறும் என்று யோசித்தார்.

குழாய்மேல் குழாயாக ஒட்டி வைத்தார். நீர் 21 அடி ஏறியது. பிறகு பாதரசம் நிரப்பிய வளைந்த குழாயை வைத்துப் பார்த்தார். பாதரசம் 32 அங்குலத்துக்கு மேல் உயர்ந்தது. நீராகக் கணக்குப் போட்டால் 36 அடிக்கு மேல். அதாவது மூன்று மாடிக் கட்டடத்தின் உயரம். இதற்கு முன்பே குதிரையின் தொடை நாடியில் குழாய் செருகி இரத்தத்தின் தள்ளுவிசையை அளந்து வைத்திருந்த மனிதர் அவர். கொடியின் தள்ளு அதைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று எழுதினார். அந்தப் புத்தகம் ‘வெஜிட்டபிள் ஸ்டாட்டிக்ஸ்’, 1727-ல் வெளிவந்தது. இன்று வேரமுக்கம் என்று படிப்பதெல்லாம் ஒரு தவறான கவ்வாத்திலிருந்து தொடங்கியது என்பது கவனிக்கத்தக்கது.

பிரான்ஸ் நாட்டுத் தோட்டக்காரர்கள் இந்த வடிதலைக் கொடியின் அழுகை என்கிறார்கள். அந்தக் கண்ணீரில் என்ன இருக்கிறது? பெரும்பகுதி வெறும் நீர். கொஞ்சம் குளுக்கோசு, புருற்றோசு. மலிக் அமிலம், சித்திரிக் அமிலம் போன்ற புளிப்புப் பொருள்கள். பொற்றாசியம், கல்சியம். நைதரசன் பெரும்பாலும் குளுட்டமின் என்ற அமினோ அமிலமாக வருகிறது. மொட்டுகளை எழுப்பும் சைட்டோகைனின் என்ற ஓமோனும் அதில் ஏறி வருகிறது. சீனி என்றதும் பதநீரை நினைத்துவிடக் கூடாது. பனையில் வடிவது உரியச் சாறு. அதில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் சீனி. பசறைப் பக்கம் கித்துள் பூக்காம்பைச் சீவி இறக்குவதும் அதே வகை. திராட்சையின் கண்ணீர் காழ் வழியாக வருவது. அதில் ஒரு பங்கு சீனிகூடத் தேறாது. கருப்பட்டி காய்ச்சலாம் என்று யாரும் சட்டி வைத்தால் விறகுதான் நட்டம்.

ஏன் அழுகிறது என்பதும் நேரான விஷயம். குளிர்காலத்தில் இலையெல்லாம் கொட்டிக் கொடி உறங்குகிறது. வேரிலும் தண்டிலும் மாப்பொருள் சேமிப்பில் இருக்கிறது. மண் சூடேறத் தொடங்கியதும் வேர் விழித்து, மாப்பொருளைச் சீனியாக உடைத்து, உப்பையும் சேர்த்துக் காழுக்குள் விடுகிறது. உள்ளே கரைசல் அடர்ந்தால் வெளியே இருக்கும் நீர் உள்ளே இழுபடும். வந்த நீர் போக இடமில்லாமல் மேலே தள்ளுகிறது. திராட்சையின் காழ்க் குழாய்கள் அகலமானவை. நன்றாக வெட்டிய தண்டைப் பார்த்தால் வெறும் கண்ணுக்கே ஊசித் துளைகளாகத் தெரியும். குளிர்காலத்தில் அந்தக் குழாய்களுக்குள் காற்றுக்குமிழ்கள் புகுந்து அடைத்துக்கொள்கின்றன. வேர் தரும் தள்ளுதான் அந்தக் குமிழ்களை வெளியேற்றிக் குழாய்களை மறுபடி நிரப்புகிறது. ஆக, அழுகை என்று பெயர் வைத்தாலும் நடப்பது பீலிக்குழாயில் காற்றெடுக்கும் வேலை.

இலை விரிந்ததும் எல்லாம் தலைகீழ். இலைவாய்கள் திறந்து ஆவியுயிர்ப்புத் தொடங்கினால் நீரை மேலிருந்து இழுக்கும் விசை வருகிறது. அப்போது தண்டை வெட்டினால் ஒரு சொட்டும் வடியாது. வெட்டுவாய் காற்றைத்தான் உள்ளே உறிஞ்சும். நீர்த்தூண் அறுபடாமல் கயிறுபோல மேலே இழுபடுகிறது என்ற விளக்கத்தை டப்ளினில் டிக்சன், ஜோலி என்ற இருவர் 1894-ல் முன்வைத்தார்கள். பண்டாரவளைக்கு ரயில் வந்ததும் அதே 1894-ல்தான். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. நாலாயிரம் அடி ஏறுவதில் அந்த ஆண்டுக்கு ஒரு ராசி இருந்திருக்கிறது என்று மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

உரியத்துக்கும் பருவம் உண்டு என்பது நுணுக்கமாகத் தெரியவந்தது அதற்கும் வெகு பின்னால். கலிபோர்னியாவில் கத்தரின் இசோ என்ற தாவரவியலாளர் திராட்சைத் தண்டை மாதக்கணக்கில் மெல்லிய சீவல்களாக வெட்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தார். குளிர் வந்ததும் உரியக் குழாய்களின் சல்லடைத் தட்டுகளில் கலோசு என்ற பொருள் தடிப்பாகப் படிந்து வழியை அடைத்துவிடுகிறது. வசந்தம் வந்ததும் அதே பொருள் கரைந்து, பழைய குழாய்களே மறுபடி திறக்கின்றன. பல மரங்கள் ஆண்டுதோறும் பழைய உரியத்தைக் கைவிட்டுப் புதிது போடும். திராட்சை கடையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்வந்து அதே கடையைத் திறக்கிறது. இந்த ஆய்வு 1948-ல் வெளியானது.

கொடியின் நீரைக் காலம் பார்த்து எடுக்கும் வழக்கம் கிழக்கேயும் இருக்கிறது. ஜப்பானில் நுரைப்பீர்க்கின் தண்டை இலையுதிர்காலத்தில், முழுநிலவை ஒட்டி, நிலத்திலிருந்து ஓரிரு அடி உயரத்தில் அறுத்து, வேர்ப்பக்கத்துத் துண்டின் வாயைப் போத்தலுக்குள் வளைத்து விடுவார்கள். வேர் தள்ளும் நீர் இரவெல்லாம் போத்தலில் சேரும். முகத்துக்குப் பூசுவார்கள், சளிக்கு மருந்தாகக் குடிப்பார்கள். ஹைக்கூவைப் புதுப்பித்த கவிஞர் மசவோக்கா ஷிக்கி காசநோயில் படுத்திருந்தபோது அவர் வீட்டுப் பந்தலிலும் பீர்க்கு படர்ந்திருந்தது. 1902 செப்டம்பர் 19 அன்று அவர் இறந்தார். கடைசியாக எழுதிய மூன்று பாடல்களும் அந்தப் பீர்க்கைப் பற்றியவை என்பதால், அவர் நினைவுநாளைப் பீர்க்கு நாள் என்றே அங்கே அழைக்கிறார்கள்.

இனி நம் ஊர். பண்டாரவளையில் குளிர் உண்டு, குளிர்காலம் கிடையாது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஸ்டேஷனில் நிற்பவர்கள் கோபிக்கக் கூடாது. திராட்சை எதிர்பார்க்கும் குளிர்காலம், இலையைக் கொட்டவைத்து மொட்டை மாதக்கணக்கில் உறங்கவைக்கும் காலம். அது இங்கே வராது. வராத இடத்தில் திராட்சையை நட்டு, பந்தலில் ஏற்றி, சும்மா விட்டுவிட்டால் என்ன ஆகும்? இலை இலையாக ஓடும். பந்தல் நிழல் தரும். காய் மட்டும் வராது, அல்லது அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும். ஏமாந்தவர்கள் இந்த மண்டபத்திலும் இருப்பார்கள்.

வெப்பநாட்டில் திராட்சைக்குக் குளிர்காலத்தைக் கத்தியால்தான் உண்டாக்க வேண்டும். இதைத் தமிழர் நன்றாகவே கற்றிருக்கிறார்கள். தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி என்று ஊர் ஊராகப் பன்னீர் திராட்சை. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்பது அங்கு சொல்லப்படும் வரலாறு. 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே திராட்சைக்குப் பருவம் என்று ஒரு மாதம் இல்லை. எந்தத் தோட்டத்தில் எப்போது கவாத்து நடந்ததோ அதிலிருந்து நான்கு மாதம் எண்ணினால் அறுவடை. ஒரு தோட்டத்தில் கொடி அழுதுகொண்டிருக்கும். வரப்புக்கு அந்தப் பக்கம் பழம் பெட்டியில் ஏறிக்கொண்டிருக்கும். இரண்டு ஆண்டில் ஐந்து அறுவடை எடுப்பவர்களும் உண்டு. மகாராஷ்டிரத்தின் நாசிக் பக்கத்தில் இன்னொரு முறை: ஏப்ரலில் ஒரு வெட்டு, கொடியை வளர்க்க, அக்டோபரில் ஒரு வெட்டு, காயை எடுக்க. பழம் ஒரே ஒரு தடவைதான்.

யாழ்ப்பாணத்தில் திராட்சைக்கு முந்திரிகை என்று பெயர். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர் முந்திரிகைப் பழம் கேட்டு, கஜுப் பழத்தை எதிர்பார்த்து நின்றால் அந்த வேடிக்கைக்கு யாரும் பொறுப்பில்லை. கிணற்று நீரில், சிவப்பு மண்ணில், இஸ்ரேல் புளூ என்ற கறுப்பு வகையை அங்கே வளர்க்கிறார்கள். மார்கழி மழையில் பழம் வெடிக்காதபடி வெட்டும் நாளைக் கணக்கிட்டு வைப்பதில்தான் அவர்களுடைய சாமர்த்தியம் இருக்கிறது.

வெட்டினால் மட்டும் எல்லா மொட்டும் ஒன்றாக விழிக்காது. நுனி மொட்டு முந்திக்கொண்டு மற்றவற்றை அடக்கிவிடும். அதற்காக ஹைதரசன் சயனமைட் என்ற மருந்தை மொட்டுகளில் தடவுகிறார்கள். அதில் ஒரு வினோதம் உண்டு. தடவிய தொழிலாளி அன்று மாலை கள்ளோ சாராயமோ தொட்டால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வரும். மதுசாரம் உடலில் மாறி உண்டாகும் நச்சை உடைக்கும் நொதியை அந்த மருந்து தடுத்துவிடுகிறது. குடியை நிறுத்தக் கொடுக்கும் மாத்திரையும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. ஐரோப்பா இந்த மருந்தை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டது.

கவாத்து என்று கம்பத்தில் சொல்வதை இங்கே கொஞ்சம் அழுத்திக் கவ்வாத்து என்கிறோம். சொல் ஒன்று, கத்தியும் ஏறத்தாழ ஒன்று. இப்போது மேசையில் இருக்கும் தேயிலை வேரை எடுக்கலாம்.

தேயிலை மலையைக் கவ்வாத்து வெட்டுவதற்கு முன்னால் சில செடிகளின் பக்கத்தில் மண்ணைத் தோண்டி, பென்சில் தடிப்பில் ஒரு வேரை எடுப்பார்கள். குறுக்கே வெட்டி, வெட்டிய முகத்தில் அயடின் கரைசலைத் தொட்டு வைப்பார்கள். இதோ, வெளிர்மஞ்சளாக இருந்த முகம் கறுத்து வருகிறது. நீலம் கலந்த அந்தக் கறுப்புத்தான் மாப்பொருள். நன்றாகக் கறுத்தால் வெட்டலாம். பழுப்பாகவே நின்றால் வேரில் சேமிப்பு இல்லை. கொழுந்து பறிப்பதைச் சில வாரம் நிறுத்திச் செடியை இளைப்பாறவிட்டு, இலை சமைப்பது வேருக்கு இறங்கிய பிறகே வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் வெட்டிய செடி துளிர்க்க வகையில்லாமல் அப்படியே காய்ந்துபோகும். 1925-ல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தன் ஆரம்ப ஆண்டுகளிலேயே கையில் எடுத்த கேள்விகளில் இதுவும் ஒன்று. மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் கவ்வாத்தில், இலையோடு ஒரு பக்கக் கிளையை விட்டுவைப்பதும் இதே கணக்கில்தான்: வேர் கடன் கொடுத்துக்கொண்டிருக்கும்போது கொஞ்சமாவது வரவு வேண்டும்.

திராட்சையின் கண்ணீரில் வருவதும் இதுபோல் வேரில் இருக்கும் சேமிப்பிலிருந்து எடுத்ததுதான். வெட்டுவாயில் வடிவதைப் பார்த்துக் கொடியின் உயிரே போகிறது என்று பலர் மெழுகு பூசுகிறார்கள், சாணம் அப்புகிறார்கள். வடியும் நீரில் போகும் சீனி சொற்பம். பெரும்பாலும் கொடிக்குக் கெடுதல் இல்லை. கவலைப்பட வேண்டியது கண்ணீரைப் பற்றி அல்ல, வெட்டும் நாளில் வேர் கறுக்குமா என்பதைப் பற்றி. தேயிலையில் இதைத் தலைமுறையாகச் செய்கிறவர்கள் தங்கள் லயத்து முற்றத்துக் கொடியில் மட்டும் நல்ல நாள் பார்த்து வெட்டுவது விசித்திரம். அந்த அயடின் போத்தலைக் கொஞ்சம் இந்தப் பக்கமும் திருப்பலாம்.

ஊவாவுக்குக் கத்தியைத் தவிர இன்னொரு குளிர்காலமும் இருக்கிறது. அது காற்றாக வருகிறது.

ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை ஹட்டனையும் நுவரெலியாவையும் நனைத்துவிட்டு மலைமுகட்டைத் தாண்டும்போது மழையை அந்தப் பக்கமே இறக்கி வைத்துவிடுகிறது. ஹப்புத்தளை இடைவெளி வழியாக இந்தப் பக்கம் விழுவது வறண்ட காற்று. இறங்க இறங்கச் சூடேறிக்கொண்டும் வருகிறது. மட்டக்களப்புக்குப் போய்ச் சேரும்போது அதற்குக் கச்சான் காற்று என்று பெயர். கச்சான் என்றால் நிலக்கடலையும்தான், ஆனால் இந்தக் கச்சான் பல்லுக்கு அகப்படாது. ஜூலை, ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் இந்தக் காற்றடிக்கும்போது பறித்த கொழுந்துதான் உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. கொழுந்து மெதுவாக வளர்கிறது, மணப்பொருள்கள் செறிகின்றன. அவற்றில் முக்கியமான ஒன்று மெதைல் சலிசிலேற்று. வலிக்குத் தேய்க்கும் தைலங்களில் மூக்கைத் துளைக்கும் வாசனை அதுதான். ஊவாத் தேநீரில் ஒரு குளிர்ச்சி தெரிகிறது என்று சுவைஞர்கள் சொல்லும்போது நாவில் படுவது அந்தக் காற்று.

அதே காற்று பந்தலில் என்ன செய்கிறது? மண் காயத் தொடங்கியதும், இலை வாடுவதற்கு முன்பே வேருக்குத் தெரிந்துவிடுகிறது. அது அப்சிசிக் அமிலம் என்ற ஓமோனைக் காழ்ச் சாற்றில் கலந்து மேலே அனுப்புகிறது. ஒரு தந்தி மாதிரி. தந்தி கிடைத்த இலை தன் இலைவாய்களை மூடிக்கொள்கிறது. கொடியின் நுனி ஓட்டம் நிற்கிறது. ஓட்டத்துக்குப் போகவேண்டிய சீனி பழத்துக்கும் வேருக்கும் திரும்புகிறது. 1990-களில் அவுஸ்திரேலியத் திராட்சைத் தோட்டங்களில் இந்தத் தந்தியை ஒரு தந்திரமாகவே பயன்படுத்தினார்கள். வரிசையின் ஒரு பக்கத்து வேருக்கு மட்டும் நீர் பாய்ச்சி, மறுபக்கத்தைக் காயவிட்டார்கள்; சில நாள் கழித்துப் பக்கத்தை மாற்றினார்கள். நனைந்த வேர் நீர் கொடுத்தது, காய்ந்த வேர் தந்தி கொடுத்தது. நீர் பாதியாகக் குறைந்தும் விளைச்சல் பெரிதாகக் குறையவில்லை. பிறகு எல்லா மண்ணிலும் அந்தப் பலன் அப்படியே வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கொடித்தோடை இந்த விஷயத்தில் திராட்சையின் தம்பி அல்ல. அதற்கு வறட்சி பிடிக்காது. அதன் பூ புதிதாக ஓடும் கொடியில், கணுவுக்கு ஒன்றாக வருவது. கொடி ஓடாவிட்டால் கணு இல்லை. கணு இல்லாவிட்டால் பூவும் இல்லை. கச்சான் மாதங்களில் நீர் ஊற்றாத கொடித்தோடை சோம்பி நிற்பதற்கு இதுதான் காரணம். மழை இறங்கியதும் நுனி ஓடி மொட்டுக் கட்டும். மலைநாட்டுக்கு ஏற்ற ஊதா வகை விடியலில் பூத்து மதியத்துக்குள் வாயை மூடிக்கொள்ளும். தாழ்நில மஞ்சள் வகை மதியம்தான் கண்ணே விழிக்கும். அதனால் இரண்டையும் ஒரே பந்தலில் ஏற்றி, ஒன்றின் மகரந்தம் மற்றதற்கு உதவும் என்று காத்திருப்பது நேரக்கணக்குத் தெரியாதவர் செய்யும் கலியாணப் பேச்சு. பூத்து அறுபது முதல் எண்பது நாளில் பழம் தானாக விழும். பறிக்கத் தேவையில்லை, பொறுக்கினால் போதும். பழைய கொடியை மழைக்கு முன் கவ்வாத்துப் பண்ணினால் புதுக்கொடி கூடும், கணு கூடும்.

மிளகுக்கும் ஒரு வார்த்தை. பதுளை, பசறைப் பக்கம் சவுக்கு மரத்தில் ஏறிய மிளகுக்கொடி வறட்சியைத் தாங்கி நின்று, மழை விழுந்ததும் துளிரும் சரமுமாக வெடித்து வரும். வறட்சி இல்லாமல் ஆண்டு முழுதும் ஈரமாகவே இருந்தால் சரம் ஒன்றாக வராது, பறிப்பும் ஒன்றாக முடியாது. ஆறு முதல் எட்டு மாதம் கழித்து முற்றும் மிளகில் அந்த வறண்ட வாரங்களுக்கும் பங்கு இருக்கிறது.

மறுபடி திராட்சைக்கு வருவோம், பழத்தின் உள்ளே. திராட்சைக் காய் பிறந்து பாதிக் காலம் கல்போலப் பச்சையாக இருக்கும். அப்போது நீர் பெரும்பாலும் காழ் வழியாக வருகிறது; காய்க்குள் மலிக் அமிலமும் தாத்தாரிக் அமிலமும் சேர்கின்றன. பிறகு ஒரு வாரம், பத்து நாளில் காய் திடீரென்று மெத்தென்றாகி நிறம் மாறும். விரலால் அமுக்கிப் பார்த்தால் நேற்றுக் கல், இன்று ரப்பர். அந்த நாளிலிருந்து காழின் வரவு சுருங்குகிறது. உரியம் பொறுப்பை எடுத்துக்கொள்கிறது. சுக்குரோசு வந்து இறங்கி, உள்ளே குளுக்கோசாகவும் புருற்றோசாகவும் பிரிகிறது. மலிக் அமிலத்தைப் பழம் தானே எரித்துச் செலவழிக்கிறது. எவ்வளவு வேகமாக எரிகிறது என்பது வெப்பத்தைப் பொறுத்தது. யாழ்ப்பாணத்து வெயிலில் அது சீக்கிரம் தீரும். பண்டாரவளையின் குளிர்ந்த இரவில் தீராமல் மிச்சம் நிற்கும். வீட்டுப் பந்தலில் பறித்த கறுத்த பழம்கூடப் புளிக்கிறது என்பவர்கள் நரிக்கதையை நினைத்து வெட்கப்பட வேண்டியதில்லை. எட்டிய பழமும் இங்கே புளிக்கும். நன்றாகக் கறுத்த பிறகும் இரண்டு வாரம் கொடியிலேயே விட்டுவைப்பதுதான் வழி. கொண்டைக்குருவி சம்மதிக்க வேண்டும். அதற்கு ஒரு வலை.

இதையெல்லாம் வைத்துப் பண்டாரவளைக்கு ஒரு நாட்காட்டி போட்டுப் பார்க்கலாம். பழம் மெத்தென்றாகிச் சீனி இறங்கும் வாரங்கள் மழையில்லாத வாரங்களாக இருக்க வேண்டும். இங்கே அது ஜூலையும் ஆகஸ்டும். கம்பத்தில் வெட்டிலிருந்து பழம் வரை நான்கு மாதம் என்றால், இந்தக் குளிரில் இன்னும் கூடும். அப்படியானால் கவ்வாத்து மார்ச் தொடக்கத்தில் விழ வேண்டும். அதற்கு முன் ஜனவரியும் பெப்ரவரியும் இலையை உதிர்த்துவிடாமல் காத்து, வேருக்குச் சேமிப்பு இறங்க விட வேண்டும். இந்தத் திட்டத்தின் பலவீனம் சித்திரை மழை. இளம் இலையில் அடிச்சாம்பல் நோய் வருவது அப்போதுதான். பந்தலில் காற்றோட்டம் இருக்கும்படி கொடியை விரித்துக் கட்டாதவர்கள் அந்த மாதத்திலேயே பாதியை இழப்பார்கள். பண்டாரவளை திராட்சைக்கென்று பிறந்த ஊர் இல்லை. கீழே மொனறாகலைப் பக்கத்து வறண்ட நிலம் இதற்கு இன்னும் ஏற்றது. ஆனாலும் முற்றத்தில் ஒரு கொடி, அதற்கு ஒரு கணக்கு என்ற அளவில் இந்த ஊரும் மோசமில்லை.

கூட்டம் முடிந்து போகும்போது ஒரு சிறிய வேலை. வீட்டில் திராட்சைக் கொடி உள்ளவர்கள் மார்ச்சில் வெட்டும்போது, முதல் நாள் மண்ணை நன்றாக நனைத்துவிட்டு வெட்டுங்கள். விரல் தடிப்புள்ள ஒரு வெட்டுவாயை வளைத்து ஒரு ஜாம் போத்தலுக்குள் விட்டு, எறும்பு ஏறாமல் வாயில் துணி கட்டுங்கள். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் போத்தலில் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் திகதி எழுதி வையுங்கள். இரவுக் கோடும் பகல் கோடும் ஒரே உயரமா, மழை பெய்த நாளில் எவ்வளவு, முதல் இலை விரிந்த நாளில் எவ்வளவு என்று பிள்ளைகள் கொப்பியில் குறித்துக்கொள்ளட்டும். மொட்டு விரிந்து இலை உள்ளங்கை அளவுக்கு வரும்போது ஒரு காலையில் போத்தலில் புதிதாக ஒன்றும் சேர்ந்திருக்காது. அன்றைக்குப் போத்தலைக் கழற்றிக் கழுவிவிடலாம்.